சீரியல் நேரத்தில் அடக்காதீர்கள்!

செஞ்சியில் என்னிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்களிடம் பசி, தூக்கத்தோடு இன்னொன்றும் கேட்பேன்: "டி.வி.யில் என்ன பார்ப்பீங்க?" சிரிக்காதீர்கள்!

அந்நாளில் மல்லாட்டை போடுகிற பெரியவருக்கு சென்னை தூர்தர்ஷனின் 'வயலும் வாழ்வும்'. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' என்றால் இளசுகள் ஆஜர். 1987-ல் ஞாயிறு காலை ராமாயணம் வந்தபோது இந்தி புரியாத பாட்டிகளும் உட்கார்ந்தார்கள். கதைதான் தெரியுமே! இல்லத்தரசிகளைக் கட்டிப்போட்டது 1999-ல் சன் டி.வி.யில் தொடங்கிய 'சித்தி'.

"அழுமூஞ்சி சீரியல்" என்று ஆண்கள் கேலி செய்வார்கள். நான் செய்ய மாட்டேன். அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்கிறது சித்த மருத்துவம். கண்ணீரும் அதில் ஒன்று. வீட்டில் வாய்விட்டு அழ முடியாதவள் கதாநாயகிக்காக அழுதால் அழட்டுமே!

ஆனால் சிறுநீரும் அந்த 14-ல் உண்டு. நீர்க்கடுப்போடு வந்த ஒரு அம்மா, "விளம்பரம் வரட்டும்னு உட்கார்ந்துட்டேன் ஐயா" என்றார். "தினமுமா?" "தினமும்தான்... எழுந்திரிக்கணுமேன்னு தண்ணியும் குடிக்கிறதில்லை." கூட வந்த கணவர் சிரித்தார். அவர் கிரிக்கெட்டுக்காகத் தூக்கத்தை அடக்குகிற ஆள். தூக்கமும் பட்டியலில் இருக்கிறது சார்!

தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். முட்டினால் உடனே எழுந்து போங்கள். கடுப்போடு காய்ச்சல், குளிர், நீரில் ரத்தம் என்றால் கைவைத்தியம் வேண்டாம். அன்றைக்கே டாக்டரைப் பார்த்து நீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.