ஒரு துண்டு செம்புக் கம்பி படகையே ஓட்டை போடுமா? அலுமினிய 'சென்டர் கன்சோல்' மீன்பிடிப் படகு உருவாவது எப்படி?

படகு கட்டி முடிச்சாச்சு. மோட்டாரும் மாட்டியாச்சு. வயரிங் வேலை பார்த்தவர் நறுக்கிப் போட்ட செம்புக் கம்பித் துண்டு ஒன்று, யார் கண்ணிலும் படாமல் படகின் அடியில் விழுந்து கிடக்கிறது. அதன் மேல் கொஞ்சம் கடல் நீர் தேங்குகிறது. அவ்வளவுதான். கம்பி தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அலுமினியத் தகடு கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்பட்டு, கடைசியில் ஓட்டையே விழலாம்.

அமெரிக்காவின் லூசியானா, வாஷிங்டன், அலாஸ்கா போன்ற கடலோர மாநிலங்களில் தங்கள் தேவைக்கேற்ப அலுமினியப் படகுகளை ஆர்டர் கொடுத்துக் கட்டிக்கொள்பவர்கள் நிறைய பேர். சொந்த ஷெட்டிலேயே வெல்டிங் செய்து கட்டுபவர்களும் உண்டு. இந்தப் படகு எப்படி உருவாகிறது? எங்கே கோட்டை விட்டால் ஆபத்து? விரிவாகப் பார்ப்போம்.

சென்டர் கன்சோல் என்றால் என்ன?

நம்ம ஊர் ஃபைபர் படகில் பின்னால் உட்கார்ந்து மோட்டாரைப் பிடித்துத் திருப்பி ஓட்டுவார்கள். சென்டர் கன்சோல் படகில் ஸ்டியரிங், திசைகாட்டி, மீன் தேடும் கருவி எல்லாமே படகின் நடுவில் உள்ள ஒரு மேடையில் இருக்கும். அறையோ தடுப்போ கிடையாது.

இதில் என்ன லாபம்? தூண்டிலில் பெரிய சூரை மாட்டிவிட்டால் அது ஒரே இடத்தில் நிற்காது. படகைச் சுற்றிச் சுற்றி இழுக்கும். தூண்டில் பிடித்தவரும் கூடவே சுற்றி நடக்க வேண்டும். அதற்காகத்தான் ஓரம் முழுவதும் நடைபாதையாக விடப்படுகிறது.

ஏன் அலுமினியம்?

இரும்போடு ஒப்பிட்டால் அலுமினியத்தின் எடை சுமார் மூன்றில் ஒரு பங்குதான். பாறையில் மோதினால் பெரும்பாலும் நசுங்குமே தவிர, சட்டென்று உடையாது.

இன்னொரு முக்கியமான காரணமும் இருக்கிறது. ஃபைபர் படகு கட்டுவதற்கு வழக்கமாக முதலில் அச்சு செய்ய வேண்டும். ஒரே ஒரு படகுக்காக அச்சு செய்தால் செலவு கட்டுபடியாகாது. அலுமினியத்துக்கு அச்சே தேவையில்லை. கணினியில் வரைபடத்தை மாற்றினால் போதும், தகடு அதற்கேற்ப வெட்டப்பட்டு வந்துவிடும். 'எனக்கு ஒரு அடி அகலம் கூட வேணும்' என்று கேட்பவருக்கு அலுமினியம்தான் வசதி.

எந்த அலுமினியம்?

கடையில் கிடைக்கும் எல்லா அலுமினியமும் கடலுக்கு ஆகாது. படகின் உடலுக்கு 5083, 5086 என்ற எண் கொண்ட கலவைகளைப் பயன்படுத்துகிறார்கள். இவற்றில் சுமார் 4 சதவீதம் மெக்னீசியம் இருக்கும். உப்பு நீரைத் தாங்கும். வெல்டிங் செய்த பிறகும் வலிமையைப் பெருமளவு தக்கவைக்கும்.

குழாய், கைப்பிடி, நிழற்கூரை போன்றவற்றுக்கு 6061 என்ற கலவை. இது உறுதியானது. ஆனால் வெல்டிங் சூடு பட்ட இடத்தில் சுமார் 40 சதவீதம் வலிமை போய்விடும். அதைக் கணக்கில் வைத்துத்தான் வடிவமைக்க வேண்டும்.

கடலுக்குள் செல்லும் 20 முதல் 25 அடிப் படகுகளில் அடித்தகடு சுமார் 6 மி.மீ., பக்கத் தகடு 4 முதல் 5 மி.மீ. தடிமன் இருப்பது வழக்கம்.

கட்டும் வேலை எப்படி நடக்கிறது?

முதலில் அடிப்பகுதியின் வடிவத்தை முடிவு செய்ய வேண்டும். லூசியானா சதுப்பு நிலம் போன்ற ஆழமில்லாத நீருக்குத் தட்டையான அடி போதும். அலை அடிக்கும் கடலுக்கு, அலையைக் கிழித்துச் செல்லும் கூர்மையான அடி வேண்டும். இரண்டும் ஒரே படகில் கிடைக்காது. எங்கே மீன் பிடிக்கப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி.

பிறகு கணினி இயந்திரம் தகடுகளை வெட்டும். குறுக்கும் நெடுக்குமான சட்டங்களைத் தாங்கியில் நிறுத்தி, தகடுகளைப் பொருத்தி, அங்கங்கே சின்னச் சின்னப் புள்ளிகளாக வெல்டிங் செய்வார்கள். அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முழு வெல்டிங். அதையும் ஒரே பக்கமாகச் செய்துகொண்டே போகக் கூடாது. சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும். இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறிச் செய்ய வேண்டும்.

அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உண்டு. துருப்பிடிக்காமல் காப்பாற்றுவது அதுதான். ஆனால் வெல்டிங்குக்கு அதுவே தொல்லை. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அந்தப் படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதனால் வெல்டிங்குக்கு முன் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ்ஷால் தேய்த்துப் படலத்தை எடுக்க வேண்டும். இரும்பைத் தேய்த்த பிரஷ்ஷை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

எடை எங்கே இருக்க வேண்டும்?

150 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றே 200 கிலோவுக்கு மேல் இருக்கும். அது பின்னால் தொங்குகிறது. 300 லிட்டர் பெட்ரோல் என்றால் அதுவும் 200 கிலோவைத் தாண்டும். அதனால்தான் டேங்கைப் படகின் நடுப்பகுதியில், தளத்துக்கு அடியில் வைக்கிறார்கள். பெட்ரோல் தீரத் தீர முன்பக்கமோ பின்பக்கமோ ரொம்பத் தூக்காமல் இருக்கும்.

மேல்தளம் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் அலை உள்ளே அடித்தாலும் ஓரத் துளைகள் வழியாகத் தண்ணீர் தானாகவே வெளியேறும்.

உண்மையான எதிரி யார்?

இப்போது அந்தச் செம்புக் கம்பிக்கு வருவோம். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்பு நீரில் இருந்தால், அங்கே ஒரு சின்ன பேட்டரி உருவாகிறது. அதில் கரைந்து போவது அலுமினியம். செம்பு அப்படியே இருக்கும்.

இதற்கு ஒரு பிரபலமான உதாரணம் 'டிஃபெண்டர்' என்ற பந்தயப் பாய்மரக் கப்பல். புகழ்பெற்ற வடிவமைப்பாளர் நதானியேல் ஹெரஷாஃப் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் கட்டியது. எடையைக் குறைக்க மேல்பகுதிக்கு அலுமினியம்; நீருக்கு அடியில் செம்பு கலந்த வெண்கலம். 1895-ல் 'அமெரிக்கா கோப்பை'யை வென்றது. ஆனால் அரிப்பு அதை விடவில்லை. 1901-ல் உடைத்துப் போட்டுவிட்டார்கள். கோப்பை வென்ற கப்பலின் ஆயுள் வெறும் 6 ஆண்டுகள்!

இன்றும் அதே தவறு சின்னச் சின்ன வடிவங்களில் நடக்கிறது:

* தளத்துக்குச் செம்புச் சேர்மம் ஏற்றிய பிளைவுட் போடுவது. பலகை ஈரமானால் தகடு அரிக்கும்.
* பாசி பிடிக்காமல் இருக்கச் செம்பு கலந்த பெயின்ட் அடிப்பது. அலுமினியப் படகுக்குச் செம்பு இல்லாத பெயின்ட்தான் வேண்டும்.
* ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகளை இடையில் காப்புப் பசை எதுவும் இல்லாமல் நேரடியாக முடுக்குவது.
* கார், பைக்கில் செய்வதுபோல் படகின் உடலையே நெகட்டிவ் இணைப்பாகப் பயன்படுத்துவது. அலுமினியப் படகில் இது பெரிய தவறு. ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு வயர் தனித்தனியாகப் போய், திரும்பி வர வேண்டும்.

தண்ணீரிலேயே நிறுத்தி வைக்கும் படகுகளில் 'ஆனோடு' எனப்படும் உலோகக் கட்டிகளையும் பொருத்துவார்கள். உடலுக்குப் பதிலாக அவை கரைந்து போகும். கரையக் கரைய மாற்றிக்கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் விற்பனைக்குக் கட்டப்படும் 20 அடிக்குக் குறைவான அவுட்போர்டு மோட்டார் படகுகள், தண்ணீர் புகுந்தாலும் பொதுவாகச் சமநிலையில் மிதக்க வேண்டும். இதற்காகத் தளத்துக்கு அடியில் ஃபோம் நிரப்புகிறார்கள். வீட்டில் கட்டிய படகாக இருந்தாலும், பதிவு செய்யும்போது மாநில அரசிடம் 12 எழுத்து, எண்கள் கொண்ட அடையாள எண் பெற வேண்டும்.

2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைவான மோட்டார் படகை வேகமாக ஓட்டும்போது இன்ஜினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு அல்லது அதற்கு இணையான கருவியை ஓட்டுநர் அணிந்திருப்பதும் கட்டாயம். ஓட்டுநர் கடலில் விழுந்தால் இன்ஜின் தானாக நின்றுவிடும்.

கடைசியாக ஒன்று

படகு கட்டுபவரிடம் 'தகடு எவ்வளவு தடிமன்?' என்றுதான் பலரும் முதலில் கேட்பார்கள். அது நல்ல கேள்விதான். ஆனால், 'தளத்துக்கு என்ன பலகை போட்டீங்க? நெகட்டிவ் வயர் எங்கே போகுது? வயரிங் முடிஞ்சதும் அடியில சுத்தம் பண்ணீங்களா?' என்பதையும் கேட்க வேண்டும். கரைக்கு எட்டாத தூரத்தில் நிற்கும்போது, உள்ளே இருப்பவர்களின் உயிர் இந்தப் பதில்களை நம்பித்தான் இருக்கிறது.