உங்களுக்குத் தெரியுமா? முறுகிக்கொடுக்கும் லாரி!

● நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய லாரி வயலை விட்டுத் தார்ச்சாலைக்கு ஏறும்போது, முன்னால் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். ஒரு முன்சக்கரம் மேட்டில் ஏறியதும் கேபின் ஒரு பக்கம் சாயும். பாடி அந்த அளவுக்குச் சாயாது. இரண்டின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில் நிற்காது. இது பழுதல்ல. அடியிலுள்ள சேஸிஸ் முறுகிக்கொடுப்பதாலும்தான் சக்கரங்கள் தரையை விடாமல் பிடிக்கின்றன.

● சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களும் பெரும்பாலும் ‘ப’ வடிவ எஃகு. ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஓரத்தை ஒட்டி முறுக்கிப் பாருங்கள், எளிதில் முறுகாது. ஒட்டாமல் விட்டால் உடனே முறுகும். திறந்த வடிவத்தின் சூட்சுமம் அதுதான்.

● அந்தச் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடக் கூடாது. பாரத்தால் வளையும்போது இழுவிசையும் அழுத்தமும் அங்கேதான் உச்சம். அதனால்தான் பல பட்டறைகளில் பாடியை ‘யூ’ போல்ட் போட்டு இறுக்குகிறார்கள்.

● வளையாத டேங்கை முறுகும் சேஸிஸில் எல்லா இடத்திலும் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று விரிசல் விடும். எனவே முன்பக்கப் பிடிப்புகளில் ஸ்பிரிங் அல்லது ரப்பர் வைத்து இளக்கம் தருகிறார்கள். அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் முதுகில் சிறு வீட்டையே ஏற்றிச் செல்வோரும், அதைக் கட்டும் கொக்கிகளில் ஸ்பிரிங் வைப்பதுண்டு.

● இந்த இளக்கம் தேரிலும் உண்டு. சிதம்பரம் தேரோட்டத்தில் ஐந்து தேர்கள் வீதியுலா வரும். தேரின் மேல்பகுதியைக் கம்பும் கயிறுமாகக் கட்டுவது நம் வழக்கம். குலுங்கும்போது கயிற்றுக் கட்டு இளகிக்கொடுக்கும்.

● லாரியின் பின் அச்சுக்கு அப்பால் நீளும் பகுதி, அச்சிடைத் தூரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. வால்பக்கம் பாரம் கூடினால் முன்சக்கரத்தின் பிடி குறையும், ஸ்டீயரிங் லேசாகும்.

● வளைவதற்கும் எல்லை உண்டு. அதிக பாரம் ஏற்றி ஏற்றி ஓட்டினால், எஃகு களைத்துப்போய் விரிசல் விடும். ஸ்பிரிங் பிராக்கெட் அருகே, போல்ட் துளையைச் சுற்றி, பெயின்ட்டைக் கிழித்துக்கொண்டு துரு வடியும் மெல்லிய கோடு தெரிந்தால் அன்றே பட்டறைக்கு விடுங்கள். கடலூர்–சிதம்பரம் சாலையில் அந்த லாரிக்குப் பக்கத்திலேயே பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளும் போகிறது.