அந்தோனியாரின் ஊரில் ஒரு நாள்

பண்டாரவளைப் புகையிரத நிலையத்தில் காலை வேளையில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. எல்ல நோக்கிச் செல்லும் வண்டியின் வாசல்களில் ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகள் தொங்கிக்கொண்டு செல்வதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். மலைச்சரிவில் கொழுந்து கொய்யும் பெண்கள் தென்பட்டதும் அவர்களுடைய கமராக்கள் உயரும். என் அன்னையின் படமும் அப்படி யாரோ ஒருவருடைய வீட்டில் இருக்கக்கூடும். ஆனால் கூடை சுமந்த அந்தப் பெண்ணின் பெயர் என்ன, மாலையில் அவள் எந்தப் படத்தின் முன் முழந்தாளிட்டாள் என்று படம் பிடித்தவர் கேட்டிருக்க மாட்டார்.

எங்கள் லயத்து அறையில் தொங்கியது புனித அந்தோனியாரின் படம். பாலன் இயேசுவைக் கையில் ஏந்திய, புகை படிந்த படம். செவ்வாய்க்கிழமை தவறாமல் அதன் முன் ஒரு மெழுகுதிரி எரியும். அம்மாவுக்கு எழுத்து வாசனை இல்லை. செபங்கள் அனைத்தும் அவருடைய பாட்டியின் வாய்வழி வந்தவை. அந்தோனியார் எந்த ஊர்க்காரர் என்று சிறுவயதில் நான் கேட்டபோது, சிறிதும் தயங்காமல் "கொச்சிக்கடை" என்றார். வாழ்நாளில் ஒரே ஒரு முறை அவர் யாத்திரையாகச் சென்ற தூர இடம் அதுதான்.

அதற்கு அப்பால் செல்ல அவருக்கு வழியும் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியதை நாம் அறிவோம். எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் உரிமை வழங்கியபோது அம்மா முதுமையின் வாசலில் நின்றார். தமக்குக் கிடைத்த அத்தாட்சிப் பத்திரத்தை அந்தோனியார் படத்தின் பின்புறம் செருகி வைத்தார். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க அவருக்குக் காலம் கிட்டவில்லை.

2018இல் பாத்திமா அன்னையின் திருத்தலத்திற்கு ஒரு யாத்திரைக் குழுவுடன் செல்லும் வாய்ப்பு எனக்கும் என் மகனுக்கும் கிடைத்தது. திரும்பும் வழியில் போர்த்துக்கல்லின் தலைநகரான லிஸ்பனில் ஒரு நாள் தங்கினோம். அம்மாவின் பெயரால் ஒரு மெழுகுதிரி ஏற்ற வேண்டும் என்பதே என் எண்ணமாக இருந்தது. ஏனெனில், பதுவை நகரின் பெயரால் உலகம் அழைக்கும் அந்தோனியார் பிறந்தது லிஸ்பனில்தான்.

காலையில் வழிகாட்டி எங்களைப் பெலேம் பகுதிக்கு அழைத்துச் சென்றார். தேகு ஆற்றின் கரையோரம், வாஸ்கோ ட காமா கீழைத்தேயத்திற்குப் புறப்பட்ட இடம் அது. புனித சவேரியாரும் 1541 ஏப்ரல் 7ஆம் நாள், தம் பிறந்தநாளன்று, இந்த ஆற்றிலிருந்தே கப்பலேறினார். அங்கே நிற்கும் ஜெரோனிமோஸ் துறவுமடம் கல்லில் பின்னிய பூவேலை போன்றது. கயிறும் நங்கூரமும் கடற்சிப்பியும் தூண்களில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதன் கட்டுமானச் செலவுக்குக் கீழைத்தேய வாசனைப் பொருள் வணிகத்தின் வரிப்பணம் உதவியதாக வழிகாட்டி பெருமையுடன் சொன்னார். மிளகும் கறுவாவும் யாருடைய மண்ணிலிருந்து வந்தன என்று எண்ணியபோது, அந்தப் பெருமையில் முழுமையாகப் பங்குகொள்ள என்னால் இயலவில்லை. வாஸ்கோ ட காமாவின் கல்லறைக்கு முன் எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. சிலுவை வந்த கப்பலிலேயே பீரங்கியும் வந்தது. விசுவாசிகளாகிய நாம் அதை மறைத்துப் பேசத் தேவையில்லை.

இந்நகருக்கும் நம் தீவுக்கும் வேறொரு பழைய தொடர்பும் உண்டு. கோட்டை மன்னன் ஏழாம் புவனேகபாகு, தன் பேரன் தர்மபாலனுக்கு அரசுரிமையை உறுதிப்படுத்த விரும்பி, அவனுடைய பொன்னாலான உருவத்தைத் தூதர் வழியாக லிஸ்பனுக்கு அனுப்பினான். 1543இல் போர்த்துக்கேய மன்னர் மூன்றாம் ஜோன் அந்தப் பொற்சிலைக்கு முடிசூட்டினார்.

அதே மன்னரின் ஆணையால் வெளிவந்த ஒரு சிறிய நூல்தான் என்னை அந்த மடத்தின் அருகே நெடுநேரம் நிற்க வைத்தது. மடத்தின் மேற்குப் பகுதியில் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. 'கார்த்தில்யா' எனப்படும் அந்தச் செபநூல் அங்குள்ள சேகரிப்பைச் சேர்ந்தது. 1554 பெப்ரவரி 11ஆம் நாள் லிஸ்பனில் அச்சாகியது. (பிற்காலத்தில் அதே பெப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாளாயிற்று.) இன்று நாம் அறிந்தவரை, அச்சேறிய தமிழ் நூல்களில் மிகப் பழையது இதுவே. முப்பத்தெட்டுப் பக்கங்கள். ஆயினும் அதில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. தமிழ்ச் சொற்கள் ரோம எழுத்துகளில் அச்சிடப்பட்டு, அவற்றின் போர்த்துக்கேயப் பொருளும் தரப்பட்டிருக்கிறது. தமிழ் எழுத்துகளிலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவர மேலும் இருபத்து நான்கு ஆண்டுகள் சென்றன.

இந்நூலைத் தமிழுலகம் அறியச் செய்தவர் நம் நாட்டுக் குருவானவரே. ஊர்காவற்றுறைப் பகுதியின் கரம்பனில் பிறந்த தனிநாயகம் அடிகள், 1950களில் லிஸ்பன் சென்று இதைக் கண்டு, ஆய்ந்து எழுதினார். நூலை உருவாக்கியவர்கள் வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா குருஸ் என்னும் மூன்று தமிழ்க் கிறிஸ்தவர்கள். கோட்டை இராச்சியத்தில் பணியாற்றிய பிரான்சிஸ்கன் துறவி விலா டி கொண்டே அதைச் சரிபார்த்தார். பெயர்கள் போர்த்துக்கேயப் பெயர்கள். நாவு தமிழ் நாவு.

நூலைக் கண்ணால் காணும் பேறு எனக்கு அன்று கிட்டவில்லை. அத்தகைய அரிய ஏடுகளை எந்நாளும் வெளிச்சத்தில் திறந்து வைப்பதில்லை. (புனரமைப்புப் பணிகளுக்காக அந்த அருங்காட்சியகம் 2022இல் மூடப்பட்டது. செல்ல எண்ணுவோர் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நன்று.) ஆயினும் மதிலருகே நின்று நான் எண்ணியது அம்மாவையே. தமிழை வாசிக்கத் தெரியாதவர்கள் தமிழில் செபிக்க வேண்டும் என்பதற்காக ஆக்கப்பட்ட நூல் அது. அம்மாவும் தமிழை வாசிக்கத் தெரியாமலே தமிழில் செபித்தவர்தான்.

பிற்பகலில் மேட்டுத் தெருக்களில் ஏறினோம். மஞ்சள் நிற ட்ராம் வண்டிகள் முனகிக்கொண்டு வளைந்தேறும் ஏற்றம். மேற்கணக்கு லயத்திற்குச் செல்லும் குறுக்குப் பாதை போல மூச்சு வாங்குகிறது. பேராலயத்தின் அருகிலேயே அந்தோனியார் ஆலயம். 1195இல் அவர் பெர்னாண்டோ என்னும் பெயருடன் பிறந்த வீடு அங்கேதான் இருந்தது என்பது மரபு. 1755 நவம்பர் 1ஆம் நாள், சகல புனிதர் திருநாள் காலையில், மக்கள் ஆலயங்களில் நிறைந்திருந்த வேளையில், பெரும் பூமியதிர்ச்சியும் கடற்கோளும் தீயும் இந்நகரை அழித்தன. அந்தோனியார் ஆலயமும் இடிந்தது. அதைத் திரும்பக் கட்டியபோது சிறுவர்கள் தெருவில் நின்று, "அந்தோனியாருக்கு ஒரு சிறு காசு" என்று கேட்டுப் பணம் சேர்த்தார்களாம். பெருஞ்செல்வம் கொழித்த நகரில் புனிதரின் வீட்டுக்குச் சிறுவர்களின் சில்லறையும் தேவைப்பட்டிருக்கிறது. நம் தோட்டங்களில் பெரட்டுக்களத்தில் உண்டியல் குலுக்கிச் சிற்றாலயம் எழுப்பிய முதியோர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

ஜூன் மாதத் திருவிழாவில் அந்நகர மக்கள் சிறு சட்டிகளில் ஒரு செடியை வாங்கிப் பரிசளிப்பார்கள். நம் திருநீற்றுப்பச்சையின் இனம். மூக்கை நேரே வைத்து முகரக் கூடாது. உள்ளங்கையால் தொட்டு, கையை முகர வேண்டும் என்பது வழக்கம்.

ஆலயத்தின் அடியில், அதிர்ச்சிக்குத் தப்பிய சிறு நிலவறை உள்ளது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1982 மே 12ஆம் நாள் அங்கே செபித்தார். தலை குனிந்து படியிறங்கினோம். எங்கள் லயத்து அறையைவிடப் பெரிதாகத் தோன்றவில்லை. உள்ளே வெயில் கறுத்த கைகளுடன் ஒரு போர்த்துக்கேய மூதாட்டி மட்டும் இருந்தார்.

நானும் மகனும் பரலோக மந்திரத்தையும் அருள் நிறைந்த மந்திரத்தையும் அம்மா சொல்லும் அதே இழுவையில் உரக்கச் சொன்னோம். மூதாட்டி தம் செபமாலையை நிறுத்தி எங்களை உற்றுப் பார்த்தார். சொற்கள் புரிந்திருக்காது. எந்தச் செபம் என்பது மட்டும் புரிந்திருக்க வேண்டும். நாங்கள் முடித்ததும் 'ஆமென்' என்றார்.

வெளியே வந்து மெழுகுதிரி வாங்கினோம். மீதிச் சில்லறை இன்னொன்றுக்கும் போதுமாயிருந்தது. "அது யாருக்கு?" என்று மகன் கேட்டான். வின்சென்ட், ஜோர்ஜ், தோமா என்று மூன்று பெயர்களைச் சொன்னேன். அவன் திரியை வாங்கி, பாட்டியின் திரியிலிருந்து பற்றவைத்தான்.