மலைச்சரிவு வீடுகளில் பைப்பை பிளக்கும் தண்ணீர் அழுத்தம்: குறைக்கும் வால்வை பார்த்து வாங்குவது எப்படி?

ஊட்டி:
நீலகிரி மாவட்டத்தில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பகுதிகளில் பெரும்பாலான வீடுகள் மலைச்சரிவில் படிப்படியாக அமைந்துள்ளன. தண்ணீர் தொட்டி மேட்டில் இருக்கும். வீடு பள்ளத்தில் இருக்கும். மோட்டார் தேவையில்லை, கரண்ட் செலவு இல்லை, குழாயை திறந்தால் தண்ணீர் தானாக கொட்டும். இது ஒரு வசதிதான். ஆனால் இந்த வசதியே பல வீடுகளில் வினையாகி விடுகிறது.

நள்ளிரவில் பைப் பிளந்து சமையல்கட்டில் தண்ணீர் நிற்பது, வாஷிங் மிஷின் டியூப் பிய்த்துக்கொண்டு போவது, டாய்லெட் டேங்க் வால்வு மாதம் ஒருமுறை பழுதாவது, கீசரில் ஓயாமல் தண்ணீர் சொட்டுவது. இதெல்லாம் நடந்தால் மட்டமான பைப் போட்டுவிட்டார் என்று பிளம்பரைத்தான் திட்டுவார்கள். பல நேரங்களில் காரணம் பைப் அல்ல. தண்ணீரின் அழுத்தம்.

10 மீட்டருக்கு 1 கிலோ

கணக்கு ரொம்ப சுலபம். தொட்டியில் உள்ள தண்ணீர் மட்டத்துக்கும் வீட்டுக்குழாய்க்கும் இடையே நேர் உயரம் 10 மீட்டர் இருந்தால், குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோ அழுத்தம் இருக்கும். சமவெளியில் மாடிவீட்டின் மொட்டைமாடி டேங்கில் இருந்து கீழ்வீட்டு குழாய் வரை 7 மீட்டர் என்றால் முக்கால் கிலோ கூட வராது. அதே சமயம் மலையில் தொட்டி 60 மீட்டர் மேலே இருந்தால் 6 கிலோ.

இதில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. தொட்டி தூரத்தில் இருப்பதால் அழுத்தம் வராது என்பார்கள். குழாய்கள் மூடியிருக்கும்போது தூரத்துக்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. பைப் வளைந்து வளைந்து 1 கிலோமீட்டர் வந்தாலும் சரி, நேராக இறங்கினாலும் சரி, உயரம்தான் கணக்கு. பைப் ஒல்லியா, தடிமனா என்பதும் இதில் வராது.

ஹார்டுவேர் கடைகளில் பி.வி.சி. பைப்பை 4 கிலோ, 6 கிலோ, 10 கிலோ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அந்த கிலோ பைப்பின் எடை அல்ல, அது தாங்கும் அழுத்தம். 6 கிலோ அழுத்தம் உள்ள வீட்டில் 6 கிலோ பைப் போட்டால் அது விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம். ஒருவர் லீவர் டைப் குழாயை படக்கென்று மூடும்போது ஓடிவந்த தண்ணீர் மோதி 'டொம்' என்று சுவருக்குள் சத்தம் கேட்குமே, அந்த ஒரு நொடியில் அழுத்தம் இன்னும் எகிறும். விரிசல் விடுவது அப்போதுதான்.

வெந்நீர் லைனுக்கு போடும் சி.பி.வி.சி. பைப்பில் இன்னொரு விஷயம் உண்டு. சூடு ஏற ஏற அதன் பலம் குறையும். எஸ்.டி.ஆர். 11 ரக பைப் சாதாரண தண்ணீரில் 400 பி.எஸ்.ஐ., அதாவது 28 கிலோ வரை தாங்கும். அதே பைப் 82 டிகிரி கொதிநீரில் 100 பி.எஸ்.ஐ., அதாவது 7 கிலோதான் தாங்கும். குளிர் பிரதேசத்தில் கீசரை எந்த அளவில் வைத்து குளிப்பார்கள் என்பதை சொல்லவேண்டியதில்லை.

பாதி மூடினால் போதுமா?

அழுத்தம் அதிகம் என்றதும் எல்லோரும் செய்யும் வேலை, மெயின் கேட் வால்வை பாதி மூடி வைப்பது. குழாயை திறந்தால் தண்ணீர் சாதுவாக வருகிறது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தீரவில்லை. வால்வை பாதி மூடினால் தண்ணீர் வரும் வேகம்தான் குறையும். அதுவும் தண்ணீர் ஓடும்போது மட்டும். இரவு எல்லா குழாய்களையும் மூடிவிட்டு படுத்த சில நிமிடங்களில் அந்த சின்ன சந்து வழியாகவே முழு அழுத்தமும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். நள்ளிரவில் பைப் பிளக்கும் ரகசியம் இதுதான்.

காலையில் முதல் குழாயை திறந்ததும் 'சர்ர்' என்று சீறிவிட்டு அப்புறம் அடங்குகிறதா? அப்படியென்றால் உங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

குழாய் வாயில் மாட்டும் சல்லடை, ஷவரில் போடும் தண்ணீர் சிக்கன வில்லை ஆகியவையும் இப்படித்தான். தண்ணீரை மிச்சப்படுத்தும், சுவருக்குள் இருக்கும் பைப்பை காப்பாற்றாது.

உண்மையில் அழுத்தத்தை குறைப்பது பிரஷர் ரெடியூசிங் வால்வு. கடைகளில் பி.ஆர்.வி. என்று கேட்டால் தருவார்கள். இதன் உள்ளே ஒரு ஸ்பிரிங்கும், ரப்பர் தகடும் இருக்கும். ஸ்பிரிங் வாயை திறக்கப் பார்க்கும். வீட்டுப்பக்கம் சேரும் தண்ணீர் ரப்பரை எதிர்த்து தள்ளி மூடப் பார்க்கும். நாம் வைத்த அளவுக்கு அழுத்தம் வந்ததும் வாய் மூடிக்கொள்ளும். குழாயை திறந்தால் மறுபடி திறக்கும். எனவே ராத்திரி முழுக்க குழாய்கள் மூடிக்கிடந்தாலும் 3 கிலோ வைத்தால் 3 கிலோதான்.

முதலில் மீட்டர், அப்புறம் வால்வு

வால்வு வாங்க ஓடுவதற்கு முன்பு ஒரு பிரஷர் கேஜ் வாங்குவது நல்லது. 0 முதல் 10 கிலோ வரை காட்டும் டயல் சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும். அதை அரை அங்குல குழாயில் திருகி, மற்ற எல்லா குழாய்களையும் மூடிவிட்டு பார்க்கவேண்டும். பகலில் பார்த்தால் போதாது. அக்கம்பக்கத்தினர் தண்ணீர் பிடிக்காத பின்னிரவிலும் ஒருமுறை பாருங்கள். அப்போது வருவதுதான் நிஜமான அளவு.

3 கிலோவுக்குள் இருந்தால் பணத்தை வீணாக்க வேண்டாம். 5 கிலோவை தாண்டினால் யோசிக்கவே வேண்டாம், வால்வு போட்டே ஆகவேண்டும். இடைப்பட்ட அளவில் கீசர், வாஷிங் மிஷின் லேபிளை பார்க்கவேண்டும். பல கீசர்களில் 6.5 பார், 8 பார் என்று போட்டிருப்பார்கள். சிலவற்றில் 0.8 மெகா பாஸ்கல் என்று இருக்கும். அது 8 பார். பார் என்பதும் கிலோ என்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வால்வு வாங்கும்போது விலையை விட அளவைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ஒரு பாத்ரூம், ஒரு சமையலறை உள்ள சின்ன வீட்டுக்கு அரை அங்குலம் போதும். 2 பாத்ரூமும் வாஷிங் மிஷினும் உள்ள வீட்டுக்கு முக்கால் அங்குலம். பெரிசாக இருந்தால் நல்லதுதானே என்று 1 அங்குலம் வாங்கினால், ஒரே ஒரு குழாய் மெல்ல ஓடும்போது வால்வு நடுங்கி 'கிர்ர்' என்று சத்தம் போடும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். சிறிசாக வாங்கினால் ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் பாத்திரம் கழுவ முடியாது.

அடுத்தது, திருகி மாற்றும் ரகமா, ஒரே அளவில் நிற்கும் ரகமா? மலைவீட்டுக்கு திருகும் ரகம்தான் நல்லது. கேஜ் மாட்டும் துளை உள்ளதாக பார்த்து வாங்கினால், பின்னால் கண்ணை மூடிக்கொண்டு திருகவேண்டியது இல்லை. உடல் பகுதி பித்தளையாக இருக்கட்டும். பிளாஸ்டிக் வெயிலிலும் உறைபனியிலும் மாறி மாறி கிடந்தால் நாள்பட தாங்காது. உள்ளே வரும் பக்கம் எத்தனை கிலோ தாங்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளவேண்டும். 16 பார் ரகம் கிடைக்கிறது.

ரொம்ப பள்ளத்தில் இருக்கும் வீடுகளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஒரே வால்வில் மூன்றில் ஒரு பங்குக்கு கீழே குறைக்கக்கூடாது. 9 கிலோவை 3 ஆக்கலாம். 12 கிலோவை ஒரே மூச்சில் 2 ஆக்கினால் உள்ளே நீர்க்குமிழி உடைந்து பித்தளையையே அரித்துவிடும். அங்கே 2 வால்வு போட்டு, முதலில் 5, அடுத்து இரண்டரை என்று இறக்கவேண்டும்.

கீசருக்கு மட்டும் போடலாமா?

செலவை மிச்சம் பிடிக்க கீசர் லைனுக்கு மட்டும் வால்வு போடுகிறார்கள். இது சரிப்பட்டு வராது. மிக்சர் குழாயில் வெந்நீர் 3 கிலோவிலும் பச்சைத்தண்ணீர் 6 கிலோவிலும் வந்து சேர்ந்தால், பச்சைத்தண்ணீர் வெந்நீரை தள்ளிவிட்டு அந்த பைப்புக்குள்ளேயே புகுந்துவிடும். குளிப்பவர் நடுங்கவேண்டியதுதான். லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே வால்வை போட்டால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும்.

வால்வுக்கு முன்னால் ஒரு சல்லடை அவசியம். மலைத்தண்ணீரில் மணலும் இலைச்சருகும் வரும். ஒரு மணல்துகள் வாயில் சிக்கினால் வால்வு முழுசாக மூடாது. முன்னும் பின்னும் ஒரு பால் வால்வு, கழற்ற யூனியன், உடலில் போட்டிருக்கும் அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில். இவ்வளவுதான் வேலை.

இனி சொல்வதை கொஞ்சம் கவனமாக படிக்கவேண்டும். தண்ணீர் சூடானால் விரியும். 15 டிகிரியில் உள்ள 25 லிட்டர் தண்ணீரை 75 டிகிரிக்கு கொண்டுபோனால் சுமார் 600 மில்லி கூடும். வால்வு போடுவதற்கு முன்பு இந்த கூடுதல் தண்ணீர் மெயின் லைனுக்கே திரும்பிப்போக வழி இருந்திருக்கலாம். வால்வு போட்டபின் பெரும்பாலும் அந்த வழி அடைபடும். அப்போது கீசரின் சேப்டி வால்வு வழியாக சொட்டு சொட்டாக தண்ணீர் வெளியேறும். அது பழுது அல்ல. அதன் வேலையே அதுதான்.

ஆனால் தரை ஈரமாகிறது என்று சிலர் அந்த துவாரத்தில் டம்மி போட்டு அடைத்துவிடுகிறார்கள். இது வீட்டுக்குள் குண்டு வைப்பது மாதிரி. தெர்மோஸ்டாட்டும் அன்றைக்கு பழுதானால் தண்ணீர் 100 டிகிரியை தாண்டியும் ஆவியாகாமல் உள்ளேயே அடைபட்டு நிற்கும். டேங்க் விட்டுக்கொடுக்கும் நொடியில் அத்தனையும் ஆவியாக வெடிக்கும். கீசர் வெடித்து உயிர் போன சம்பவங்கள் நாட்டின் பல இடங்களில் நடந்திருக்கின்றன. சொட்டும் தண்ணீரை ஒரு சின்ன டியூப் மாட்டி வடிகாலில் விட்டால் போதும். கீசர் வாங்கும்போது ஐ.எஸ். 2082 எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்றும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

வால்வே வேண்டாம்

காட்டேஜ், ரிசார்ட் நடத்துபவர்களுக்கும், இடம் தாராளமாக உள்ள தோட்டத்து வீடுகளுக்கும் இன்னொரு வழி இருக்கிறது. வீட்டுக்கு மேலே 20 மீட்டர் உயரத்தில் ஒரு சின்ன டேங்க் வைத்து, அதில் மிதவை வால்வு மாட்டிவிட்டால், மேல்தொட்டியின் அழுத்தம் அங்கேயே முடிந்துபோகும். அதற்கு கீழே 2 கிலோதான். மலைக்குடிநீர் திட்டங்களில் காலங்காலமாக செய்யும் வேலை இது. ஸ்பிரிங் இல்லை, ரப்பர் இல்லை. மிதவை பழுதானால் எந்த கடையிலும் கிடைக்கும். இடம் இருந்தால் வால்வை விட இதுவே மேல்.

சமவெளியில் 15 மாடி அடுக்குமாடி குடியிருப்புகளிலும் இதே பிரச்சினை உண்டு. மொட்டைமாடி டேங்கில் இருந்து தரைதளத்துக்கு நாலரை கிலோ இறங்கும். அமெரிக்காவில் வீடு மாதிரி வண்டியில் ஊர் சுற்றுபவர்கள் கைப்பிடி அளவு பித்தளை ரெகுலேட்டரை கூடவே எடுத்துப்போகிறார்கள். அந்த வண்டி பைப்புகளுக்கு 40 முதல் 60 பி.எஸ்.ஐ., அதாவது 3 முதல் 4 கிலோதான் உகந்தது. முகாம் குழாயில் எவ்வளவு வரும் என்று யாருக்கு தெரியும்? அதனால் டியூப்பையும் சேர்த்து காப்பாற்ற, குழாய் வாயிலேயே ரெகுலேட்டரை மாட்டி, அதன்பிறகுதான் டியூப்பை சொருகுகிறார்கள்.

வால்வை பொருத்தியதும் குழாய்களை மூடிவைத்து, மேலே உள்ள திருகை வலப்பக்கம் திருப்பினால் பெரும்பாலான ரகங்களில் அழுத்தம் கூடும், இடப்பக்கம் குறையும். குறைத்தபின் ஒரு குழாயை திறந்து மூடினால்தான் முள் சரியாக இறங்கும். இரண்டு முதல் 3 கிலோவில் நிறுத்தினால் ஷவரும் நன்றாக வரும், வாஷிங் மிஷினும் ஓடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சல்லடையை கழுவி, ராத்திரி படுக்கும்போது கேஜை பார்த்து வைக்கவேண்டும். கீசரை ஆப் செய்துவிட்டு பார்ப்பது முக்கியம். 3 கிலோவில் இருந்த முள் காலையில் 6-ல் நின்றால் வால்வின் வாயில் மணல் சிக்கியிருக்கிறது அல்லது ரப்பர் தேய்ந்துவிட்டது. கழற்றி சுத்தம் செய்தும் முள் ஏறினால், உள்ளே இருக்கும் ரப்பர் செட்டை மட்டும் மாற்றலாம். வாங்கும்போதே அந்த கம்பெனிக்கு ஸ்பேர் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுவைத்தால், அன்றைக்கு புது வால்வுக்கு அலையவேண்டியிருக்காது.