கண்டி தந்த விடை

பாடசாலை அலுவல்களுக்கிடையே, 'வழிபாட்டுக்கு நேரமில்லை' என்று யானும் பன்முறை கூறியதுண்டு. அக்கூற்றுக்குக் கண்டி மாநகரின் வரலாற்றிலேயே விடை இருக்கின்றது.

கோவாவிலே 1651ஆம் ஆண்டு பிறந்த யோசேவ் வாஸ் அடிகளார், 1687இல் இலங்கை வந்தார். கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்தமையால், ஏழைக் கூலியாளைப்போல வேடம்பூண்டு யாழ்ப்பாணத்திலே மறைவாகப் பணியாற்றினார். 1692இல் அவர் கண்டியை அடைந்தபோது, போர்த்துக்கேய ஒற்றரென ஐயுற்று அவரைச் சிறையிட்டனர். அங்கும் அவர் செபத்தைக் கைவிட்டாரல்லர். சிங்கள மொழியையும் கற்றார்.

1697இல் வைசூரி நோய் கண்டியிற் பரவிற்று. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் நகர் நீங்கினான். மக்களும் அஞ்சி ஓடினர். அடிகளாரோ நகரிலே தங்கி, கைவிடப்பட்ட நோயாளரை மதவேறுபாடு பாராது பேணினார். இறந்தோரை அடக்கஞ் செய்தார்.

இத்துணைத் தொண்டினிடையே இறைவனுக்கு முதலிடம் எவ்வாறு கிடைத்தது? முதலிடமென்பது நேரத்தின் அளவன்று. செயல் எங்கிருந்து தொடங்குகின்றது என்பதேயாகும். அடிகளாரின் தொண்டு செபத்திலே தொடங்கிற்று. ஆதலின், சிறை அவரைச் சோர்விக்கவில்லை. நோய் அவரை அச்சுறுத்தவில்லை. ஓயாத பணியும் அவரை இறைவனிடமிருந்து பிரிக்கவில்லை.

1711 சனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே அவர் உயிர்நீத்தார். 2015 சனவரி 14இல், கொழும்பு காலிமுகத்திடலில், திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நாளைக் காலை அலுவல்கள் நம்மை அழைக்குமுன், ஒரு கணம் இறைவனை அழைப்போம். அன்றைய அலுவல்கள் யாவும் அக்கணத்திலிருந்தே தொடங்கட்டும்.