கிருபை, கூலி, உலை

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சுவரொன்றில் நீல எழுத்தில் 'இரட்சிப்பு இலவசம்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழேயே நகைக்கடன் விளம்பரம். இட்லிக்கடை அக்காவிடம் காட்டி, 'சும்மாவே தர்றாங்களாம்க்கா' என்றேன். 'சும்மா குடுக்கறத எவன் நம்பி வாங்குவான்? பெறகு என்ன கேப்பாகளோ' என்றார். 1925இல் கொடை பற்றி எழுதிய மார்சல் மாஸும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். கொடுப்பது, வாங்குவது, திருப்பித் தருவது மூன்றுமே கட்டாயம். திருப்பித் தர முடியாதவன் கொடுத்தவனுக்குக் கீழே போகிறான். மொய்நோட்டுப் புழங்கும் ஊருக்கு இதைப் பிரான்சிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை.

கிறிஸ்தவத்தின் மையமான கூற்று இந்த மொய்க்கணக்கை உடைப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுலின் வாதம் எளிமையானது. வேலை செய்தவனுக்குக் கிடைப்பது கூலி, அது அவனுக்குச் சேரவேண்டிய பாக்கி. கிருபை பாக்கி அல்ல. அது தகுதியில்லாதவனுக்கு, தகுதியில்லாதபோதே கொடுக்கப்படுவது. கொடுத்தாயிற்று, முழுசாக. அதன்மேல் கூட்டிவைக்க மனிதனிடம் ஒன்றுமில்லை. கூட்ட முயல்வதே அதை மறுப்பது. எபிரெயர் நிருபம் இதற்கு 'இளைப்பாறுதல்' என்று பேர் வைக்கிறது. கடவுள் தன் வேலையை முடித்து ஓய்ந்ததுபோல, நம்புகிறவனும் தன் கிரியைகளை விட்டு ஓய்கிறான். 1517இல் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை லூதர் எதிர்த்ததன் பின்னால் இருந்ததும் இந்தப் பிரச்சினைதான். இரட்சிப்பைக் காசுக்கு வாங்கலாம் என்று கத்தோலிக்கம் கோட்பாடாக ஒருபோதும் சொன்னதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பழைய தமிழ்க் கத்தோலிக்கச் செபங்களில் கிருபைக்கு இருந்த சொல்லே 'பிரியதத்தம்', அதாவது பிரியத்தால் தரப்பட்டது. 1999இல் இரு தரப்பும் ஆக்ஸ்பர்க்கில் இதுபற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டுவிட்டன.

கூலிக்கும் அருளுக்கும் உள்ள சிக்கல் இந்தப் பக்கத்துக்கு ஒன்றும் புதிதல்ல. ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்புக்குச் சாமி வருகிறது. வந்திக் கிழவியின் பங்கு கரையை அடைக்க வந்த கூலியாள், உதிர்ந்த புட்டைத் தின்றுவிட்டு வேலை செய்யாமல் தூங்குகிறான். அடிபட்டதும் அந்த அடி பாண்டியன் உட்பட எல்லார் முதுகிலும் விழுகிறது. வேலை செய்யாத கூலிக்காரனே இங்கே கடவுள்! தென்கலை வைணவம் பூனை குட்டியைக் கவ்விப்போவதைச் சொல்லும். குட்டி எதுவும் செய்யவேண்டாம். குட்டி தானாகத் தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கு, வடகலைக்கு உவமை. அடியாரின் பிறப்பை ஆராய்வதே குற்றம் என்று பிள்ளை லோகாச்சாரியார் எழுதியும் வைத்தார். ஆனால் கோயில் மடைப்பள்ளி மாறவில்லை. கோட்பாட்டுக்கும் மடைப்பள்ளிக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளிதான் நம் கேள்வி.

தமிழ்க் கிறிஸ்தவத்திலும் சண்டை சோற்றில்தான் வெடித்தது. 1606இல் மதுரை வந்த நோபிலி, ஏற்கெனவே இருந்த பரவர் திருச்சபையிலிருந்து விலகிச் சந்நியாசியாகத் தனி வீடு, தனிச் சமையல் வைத்தார். பூணூலையும் குடுமியையும் ரோம் 1623இல் அனுமதித்தது. சீர்திருத்தச் சபைகளில் 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சாதியை ஒழிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூர்ச் சபை கொந்தளித்தது. வேதநாயக சாஸ்திரியார் மாதிரியான பெரும் புலவரே சாதி ஆசாரத்தின் பக்கம் நின்றார். மதுரையில் 1834இலிருந்து வேலைசெய்துவந்த அமெரிக்க மிஷன் 1847இல் ஒரு தீர்மானம் போட்டது. சாதியை விட்டதற்கு அடையாளமாக, எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் உட்கார்ந்து சாப்பிடத் தயாராக இருக்கவேண்டும் என்றது அது. இதற்காக வைக்கப்பட்டதுதான் அன்பின் விருந்து. உபதேசியார்கள் பலர் விருந்துக்கு உட்காராமல் வேலையை விட்டார்கள்.

1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் இதே நிலையை எடுக்க, லைப்சிக் லுத்தரன்கள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய கார்ல் கிரவுல், குறளை ஜெர்மனுக்கும் லத்தீனுக்கும் கொண்டுபோனவர், சொன்ன நியாயத்தை நாம் கவனமாக வாசிக்கவேண்டும். சாதி சமூக வழக்கம். அதை விடச்சொல்லி நிபந்தனை போடுவது சுவிசேஷத்தைச் சட்டமாக்குவது. சுவிசேஷம் புளித்தமாவு மாதிரி உள்ளிருந்து மெதுவாக வேலை செய்யும். அதாவது, கிருபை இலவசம், ஆகவே சமபந்தியைக் கேட்காதே. இலவசம் என்கிற சொல்லே சாதிக்குக் காவலாக நின்ற தருணம் இது.

இந்த வாசிப்பு ஒன்றை மறைக்கிறது. விசுவாசத்தால் மட்டுமே மனிதன் நீதிமானாகிறான் என்று பவுல் எழுதுவது எந்த இடத்தில்? கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். புறஇனத்தாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆள் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து எழுந்துபோகிறார். அந்தியோகியாவில் பவுல் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார். அதைச் சொன்ன கையோடுதான் அந்தக் கோட்பாட்டையே எழுதுகிறார். பந்தியில் கிளம்பிய சண்டையில் பிறந்த கோட்பாடு அது. பிறப்பினால் வந்த சுத்தம் கடவுள்முன் செல்லாக்காசு என்றால், அந்தச் செல்லாக்காசை மடியில் முடிந்துகொண்டு பந்தியில் தள்ளி உட்காருகிறவன்தான் கிருபையோடு தன் கிரியையைக் கூட்டுகிறவன். இலவசத்தை நம்பாதவன் அவன்தான்.

அதற்காக 1847 தீர்மானத்தை அப்படியே தூக்கிப்பிடிக்கவும் எனக்கு மனசில்லை. சம்பளம் தருகிற வெள்ளைக்காரத் துரை விருந்து வைத்து யார் தின்கிறான் என்று பார்ப்பதில் பரீட்சை இருக்கிறது, பந்தி இல்லை. அங்கே மறுபடி மாஸ் சொன்ன கொடையாளி வந்துவிடுகிறார்.

உலையைப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் பக்கமிருந்து பார்த்தவர் ஒருவர் ஆரப்பாளையத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருந்தார். அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940-2005), பரட்டை என்றால்தான் பலருக்குத் தெரியும். கர்நாடக இசைக் கீர்த்தனையைத் தள்ளிவைத்து நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டை அமைத்த தலித் இறையியலாளர். திருவிருந்தை அவர் 'ஒரு ஒல' என்கிற கிராமத்துச் சொல்லால் யோசித்தார். ஒரே உலையில் பொங்கி ஒரே குடும்பமாகத் தின்பது. உலையில் ஒருத்தர் பிடி அரிசி போடலாம், இன்னொருத்தர் விறகு கொண்டுவரலாம், ஒன்றுமில்லாதவர் வெறுங்கையோடு வரலாம். வெந்தபிறகு யார் அரிசி எது என்று பிரிக்க முடியாது. கொடுத்தவன், வாங்கினவன் என்கிற பேதமே அங்கே கரைந்துபோகிறது. இலவசத்துக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் ஜெர்மன் இறையியலில் கிடைக்குமா தெரியவில்லை. 1937இல் போன்ஹோஃபர் 'மலிவான கிருபை' என்று திட்டியதும் ஏறக்குறைய லைப்சிக் வாதத்தைத்தான். ஆனால் அவருடைய மாற்று சீடனின் கீழ்ப்படிதலில் நிற்கிறது, சோற்றுக்கு வரவில்லை.

இளைப்பாறுதல் என்கிற சொல்லையும் விட்டுவிட முடியாது. உபாகமத்தில் ஓய்வுநாள் கட்டளை வேலைக்காரனும் வேலைக்காரியும் ஓயவேண்டும் என்கிறது, மாடும்கூட. ஆத்துமா மட்டும் ஓய்ந்து உடம்பு ஓயாத இளைப்பாறுதலை அந்த நூல் அறியாது. கல்லறையில்கூடத் தனிச் சுவர் கட்டின சபைகள் நம்மிடம் உண்டு. செத்தும் இளைப்பாற விடவில்லை.

இதில் அரசும் ஒரு கை போடுகிறது. 1950ஆம் வருட ஜனாதிபதி ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியர், 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் வெளியே. மதத்தைத் தகுதியிலிருந்து பிரிக்கச் சொல்லி 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தும் அந்தப் பத்தி நகரவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். பட்டியல் சாதி இட ஒதுக்கீடு போச்சு, வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பும் போச்சு. ஊர் மட்டும் அவரைப் பழைய பேரிலேயே கூப்பிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு இரண்டு பேர். ஞானஸ்நானப் பேர் கோயிலில், இன்னொன்று சாதிச் சான்றிதழில். ஒருநாள் ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது சொன்னான்: 'அண்ணே, ஐயர் ஃப்ரீன்னுதான் சொன்னாரு. வருவாய்த்துறையில பில்லு போட்டுட்டாங்க.' சிரித்துக்கொண்டே சொன்னான். அடுத்த வாரம் நற்கருணைக்கு வந்து வரிசையில் நின்றான்.