தர்பு சுபைதா: தண்ணீர் வகுத்த ஹஜ் வழி

கூஃபாவிலிருந்து மக்கா வரை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நீளும் பண்டைய ஹஜ் வழி, கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் துணைவியார் சுபைதாவின் (மறைவு: ஹி. 216 / கி.பி. 831) பெயரால் வழங்குகின்றது. ஒட்டகத்தில் சென்றோர்க்கும் கால்நடையாய்ச் சென்றோர்க்கும் அப்பாலையில் உயிர் காத்தது தண்ணீரே. ஆகவே வழிநெடுகிலும் கிணறுகள் தோண்டப்பெற்றன; மழை வெள்ளத்தைத் தேக்கக் கற்குளங்கள் கட்டப்பெற்றன. ரபதா என்னும் தங்குமிடத்தில் வெள்ளம் முதலில் ஒரு தொட்டியில் நின்று, வண்டல் படிந்தபின் அருகிலுள்ள வட்டக் குளத்தை அடைந்தது. 1184இல் இவ்வழியே சென்ற அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், சுபைதாவின் இந்நற்பணி இல்லையேல் இப்பாதையே இயங்கியிராது என்னும் கருத்தைப் பதிவு செய்துள்ளார்.

1258இல் பக்தாத் வீழ்ந்தது. காவலும் பராமரிப்பும் குன்றின. குளங்கள் பல தூர்ந்தன. குளம் வெட்டுதல் நிலையான தர்மம். அது நிலைக்க வேண்டுமாயின், தலைமுறைதோறும் தூர்வாரும் கரங்களும் வேண்டும்.